மூட்டு சப்ளிமெண்ட் வாங்குவதற்கு முன்னால்: வயதான குதிரைக்கு எதை, எவ்வளவு கொடுப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், ரேஸில் ஓடி ஓய்ந்த தரோப்ரெட் பெண் குதிரை ஒன்றை வளர்க்கிறார். அதற்கு வயது 15. காலையில் லாயத்திலிருந்து வெளியே வரும்போது முதல் பத்து நிமிடம் விறைத்து விறைத்து நடக்கிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. சில நாள் முன்னங்கால், சில நாள் பின்னங்கால். தீவனம் தினமும் 3 கிலோ கோதுமைத் தவிடு, ஒன்றரைக் கிலோ கொள்ளு, தோப்பிலேயே வளரும் கோ-4 புல், மேலே கொஞ்சம் தேங்காய் எண்ணெய். "மாத்திரை, ஊசி என்று போக மனமில்லை, இயற்கையான மூட்டு சப்ளிமெண்ட் ஒன்று சொல்லுங்கள்" என்கிறார். இரண்டு டப்பாக்களைப் பார்த்து வைத்து, லேபிளில் இருப்பதையும் எழுதியிருக்கிறார்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கண் போய் நின்றது அந்த 3 கிலோ தவிட்டில்தான். டப்பாக்களைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் தவிட்டுக் கணக்கை முடிக்காமல் அங்கே போக முடியாது. தவிட்டை அப்படியே விட்டுவிட்டு எந்த சப்ளிமெண்ட் வாங்கினாலும் அந்தப் பணம் சாணியோடு போய்விடும்.

கோதுமைத் தவிட்டில் கிலோவுக்கு ஏறக்குறைய 11 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. கால்சியம் ஒன்றேகால் கிராம் அளவுதான். 450 கிலோ எடையுள்ள, பெரிதாக வேலையில்லாத ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 18 கிராம் கால்சியம், 13 கிராம் பாஸ்பரஸ். உங்கள் குதிரைக்குத் தவிட்டில் மட்டுமே 33 கிராம் பாஸ்பரஸ் போகிறது, அதில் கிடைக்கும் கால்சியம் 4 கிராம் கூடத் தேறாது. குதிரையின் மொத்தத் தீவனத்தில் கால்சியம் எப்போதும் பாஸ்பரஸைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. இந்தக் கணக்கு தலைகீழானால் குடலில் கால்சியம் சரியாக ஏறாது. ரத்தத்தில் கால்சியம் குறையவிட உடம்புக்கு முடியாது, இதயமும் தசையும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதனால் பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து அந்தக் குறையை ஈடுகட்டும். மாதக்கணக்கில் இது நடந்தால் எலும்பு உள்ளுக்குள் பஞ்சு போலாகிவிடும்.

அடுத்தது புல். கோ-4 மாட்டுக்கு அருமையான புல். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வகைகள் எல்லாவற்றிலும் ஆக்சலேட் கணிசமாக இருக்கும். மாட்டின் முதல் வயிற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியை உடைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. ஆக்சலேட் புல்லிலிருக்கும் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு, குதிரைக்குச் சேராமலே வெளியே போய்விடும். ஆக, ஒரு பக்கம் தவிடு கால்சியத்தைத் தடுக்கிறது, இன்னொரு பக்கம் புல் பூட்டி வைக்கிறது. கொள்ளை நான் குறை சொல்லமாட்டேன். பருப்பு வகைகளில் கொள்ளில் கால்சியம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது.

இந்தக் குறைபாட்டின் முதல் அடையாளம் என்ன தெரியுமா? விறைத்த நடை, அதோடு இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று இடம் மாறும் நொண்டல். நீங்கள் எழுதியதும் அதையேதான். மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் அப்படி இடம் மாறாது, பிடித்த காலையே பிடித்துக்கொண்டிருக்கும். மேல்நாட்டில் மாவு மில் வைத்திருந்தவர்களின் குதிரைகளுக்குத் தவிடு சும்மா கிடைத்ததால் இதற்கு மில்காரர் நோய் என்றே பழைய பெயர் ஒன்று உண்டு. முற்றினால் முகத்து எலும்பும் தாடையும் தடித்து, பல் ஆட ஆரம்பிக்கும்.

என்னிடம் முன்பு ஒரு கத்தியவாரி குதிரை இருந்தது. 12 வயதில் இதே மாதிரி விறைப்பு. இரண்டு வருடம் நான் மாற்றி மாற்றி மூட்டு சப்ளிமெண்ட் வாங்கிக் கொடுத்தேன், அதற்குள் அது துள்ளி ஓடுவதையே விட்டுவிட்டது. வேறொரு வேலையாக வந்த கால்நடை மருத்துவர் அதன் தலையைப் பிடித்து, கீழ்த்தாடையின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். அப்புறம் என் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தார். கூர்மையாக விரலில் படவேண்டிய தாடை விளிம்பு, துணி சுற்றிய கம்பு போலத் தடித்து மழுங்கியிருந்தது. தினமும் அந்த முகத்தைத் தடவிக்கொடுத்தவன் நான். ஒரு நாள்கூட அதைக் கவனிக்கவில்லை. உங்கள் குதிரைக்கு இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள். கண்ணுக்குக் கீழே, கடைவாய்ப் பல்லுக்கு மேலே இருக்கும் எலும்பையும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டுத் தடவுங்கள். தடிப்பு இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது, அது முற்றிய பிறகுதான் வரும். இன்னொன்று, ரத்தத்தில் கால்சியம் பார்த்தால் பெரும்பாலும் நார்மல் என்றே வரும், ஏனென்றால் எலும்பைக் கரைத்தாவது உடம்பு அதை நார்மலாக வைத்துக்கொள்கிறது. அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். சிறுநீரையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, என்ன மாற்ற வேண்டும்? தவிட்டை அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் வேண்டாம், இரண்டு வாரத்தில் படிப்படியாக. திடீரென்று தீவனத்தை மாற்றினால் வயிற்றுவலி வந்து படுத்துவிடும். அந்த இடத்தில் குதிரைமசால், அதாவது லூசர்ன் தீவனம் கொடுங்கள். நம் ஊரில் இந்தப் பெயர் காரணமில்லாமல் வரவில்லை. உலர்ந்த குதிரைமசாலில் கிலோவுக்கு 12 முதல் 15 கிராம் வரை கால்சியம் இருக்கும், இரண்டு கிலோவிலேயே ஒரு நாள் தேவை தாண்டிவிடும். கோயம்புத்தூர் வட்டாரத்தில் இறவையில் நன்றாக வரும் பயிர், தோப்பில் ஒரு மூலையில் நீங்களே போடலாம். வேலிமசாலை அதே பொருள் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், அது வேறு செடி. கோ-4 புல்லை உடனே முழுக்க நிறுத்த முடியாவிட்டால் பாதியாவது குறைத்து, வேறு காய்ந்த புல் சேருங்கள். அதோடு தீவனத் தரத்தில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் தூள், அதாவது கால்சியம் கார்பனேட், 50 கிராம் கலந்தால் சுமார் 19 கிராம் கால்சியம் கூடும். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையோ சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பையோ எடுத்துவிடாதீர்கள், வாயும் குடலும் வெந்துவிடும்.

இதெல்லாம் சொன்னதால் உங்கள் குதிரைக்கு மூட்டுத் தேய்மானமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரேஸில் ஓடிய குதிரை, வயதும் 15. முன்னங்கால் முட்டியிலும் குளம்புக்கு மேலே இருக்கும் ஃபெட்லாக் மூட்டிலும் பழைய அடிகள் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதனால் மருத்துவர் வருவதற்கு முன்னால் நீங்களே ஒரு வேலை செய்யலாம். கெட்டியான, சமமான தரையில் ஒருவரைக் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு குதிரையை ட்ராட்டில், அதாவது மெதுவான ஓட்டத்தில், ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் எதிரே நின்று தலையை மட்டும் பாருங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். பின்னங்காலாக இருந்தால் பின்னால் நின்று இடுப்பு எலும்பைப் பாருங்கள், வலிக்கும் பக்கம் கூடுதலாக ஏறி இறங்கும். இதைச் செல்போனில் எடுத்து வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

குளம்பையும் பார்க்க வேண்டும். குதிரை ஓய்வாக நிற்கும்போது ஃபெட்லாக்கின் பின்பக்கம் உள்ளேயும் வெளியேயும் இரண்டு விரல் வைத்தால் நாடி மெலிதாகத் தட்டும், சில குதிரைகளுக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது தேடாமலே விரலில் பலமாக அடித்தால், குளம்பும் சூடாக இருந்தால், பிரச்சினை மூட்டில் இல்லை, குளம்புக்குள்ளே அழற்சி. அன்றைக்கே மருத்துவர் வர வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் தானியமும் தாராளமாகக் கொடுத்துக் கொழுக்க வைத்த குதிரைகளில் இது சகஜம், விறைத்த நடை என்றுதான் முதலில் தெரியும். லாடம் அடித்து எத்தனை வாரமாயிற்று என்றும் பாருங்கள். ஆறு வாரத்துக்கு மேல் போனால் குளம்பின் முன்பகுதி நீண்டு, ஒவ்வொரு அடியிலும் மூட்டை நெம்புகோல் போல இழுக்கும். இதற்கு எந்தப் பொடியும் பதில் சொல்லாது.

மருத்துவர் மூட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டுப் பார்ப்பார், தேவைப்பட்டால் நரம்பை மரக்கச் செய்து எந்த இடம் என்று உறுதி செய்து எக்ஸ்ரே எடுப்பார். அருகில் குதிரை பார்ப்பவர் இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ சென்னை வேப்பேரி கல்லூரியிலோ காட்டலாம். மூட்டுக்குள் எலும்புத் துணுக்கு உடைந்து கிடந்தால் வருடக்கணக்கில் சப்ளிமெண்ட் கொடுத்தாலும் அது கரையாது.

இப்போது சப்ளிமெண்ட்டுக்கு வருகிறேன். முதலில் இயற்கை என்ற சொல். மூட்டு டப்பாக்களில் முதலிடம் குளுக்கோசமைனுக்கு, அது இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. காண்ட்ராய்டின் மாடு, பன்றி, சுறா இவற்றின் குருத்தெலும்பிலிருந்து வருவது. இயற்கை என்றதும் மூலிகை என்று நினைத்துக்கொள்பவர்கள் பலர், சைவமாக வளர்க்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதோடு, இயற்கையில் கிடைப்பது என்பதால் பாதுகாப்பானது என்றும் ஆகிவிடாது, அதற்குக் கீழே வருகிறேன்.

குளுக்கோசமைன் வேலை செய்யுமா? நேர்மையாகச் சொன்னால் சான்று பலவீனம். ஆய்வகத் தட்டில் குருத்தெலும்புத் துண்டின் மேல் ஊற்றினால் நல்ல பலன் தெரிகிறது. ஆனால் வாய்வழி கொடுத்தால் குதிரையின் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது நூற்றுக்கு ஏழெட்டுகூட இல்லை. ஓர் ஆய்வில் இரண்டரை, இன்னொன்றில் ஆறு அளவுக்கு வந்தது. மூட்டு நீருக்குள் போய்ச் சேர்வது அதிலும் சொற்பம். 2009ல் குதிரைகளில் நடந்த குளுக்கோசமைன் ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து அலசியபோது, ஆய்வுகளின் தரமே குறைவு, அவற்றை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றுதான் முடிவு வந்தது. வயதான குதிரைகளுக்கு மூன்று மாதம் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின், எம்.எஸ்.எம். (கந்தகம் சேர்ந்த ஒரு பொடி) கலவை கொடுத்து நடையை அளந்த 2014 ஆய்வில் அடி நீளம் கூடவில்லை. மனிதர்களிலும் 2006ல் அமெரிக்காவில் 1,583 பேரை வைத்து நடந்த பெரிய சோதனையில் மொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிடக் குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் மேலாக வரவில்லை. இதைக் கொடுத்தால் கெடுதல் வருவது அரிது, அதனால் கொடுக்கிறவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் முதல் ரூபாயை இதில் போட வேண்டாம்.

கொடுப்பதென்று முடிவு செய்தால் கணக்குப் போட்டுக் கொடுங்கள். முதலில் எடை. கால் இடுக்கை ஒட்டி மார்புச் சுற்றளவை டேப்பால் அளங்கள், தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளத்தையும் அளங்கள், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் சரியாக 450 கிலோ. ஆய்வுகளில் அதிகம் பயன்படுத்தியது கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் குளுக்கோசமைன், அப்படியானால் உங்கள் குதிரைக்கு நாளைக்கு 9 கிராம். இப்போது உங்கள் முதல் டப்பாவைப் பார்ப்போம். 30 கிராம் கரண்டி ஒன்றில் 2,500 மில்லிகிராம் குளுக்கோசமைன் என்று எழுதியிருக்கிறது. தினமும் ஒரு கரண்டி போடச் சொல்கிறார்கள். அது கால்வாசிக்குச் சற்று மேல்தான். 9 கிராம் சேர வேண்டுமென்றால் நாளைக்கு மூன்றரைக் கரண்டிக்கு மேல் ஆகும், ஒரு கிலோ டப்பா ஒன்பது நாளில் காலியாகிவிடும். டப்பா விலையை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், ஒரு நாள் செலவு அதுதான். எல்லா டப்பாக்களையும் இந்த முறையில் ஒப்பிடுங்கள். குளுக்கோசமைன் சல்பேட்டில் உப்பும் சேர்ந்திருப்பதால் நூறு கிராமுக்கு 60 அளவுதான் உண்மையான குளுக்கோசமைன், ஹைட்ரோகுளோரைடு வடிவத்தில் 83. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் எழுதியிருப்பது டப்பாவுக்குள் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. 2006ல் குதிரைகளுக்கு விற்கும் 23 குளுக்கோசமைன் பொருட்களைச் சோதித்தார்கள். ஒன்பதில் எழுதியதைவிடக் குறைவாக இருந்தது, அதில் நான்கில் எழுதியதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. மனிதர்களுக்கான சப்ளிமெண்ட் சட்டம் அமெரிக்காவில் 1994ல் வந்தது, அது விலங்குகளுக்குப் பொருந்தாது என்று 1996ல் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்லிவிட்டது. அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்ப 2001ல் தொடங்கியதுதான் என்.ஏ.எஸ்.சி. என்ற, விலங்கு சப்ளிமெண்ட் தயாரிப்பாளர்களின் அமைப்பு. இறக்குமதிப் பொருளில் அவர்கள் தர முத்திரை இருந்தால், தயாரிப்பாளர் தணிக்கைக்கு உட்பட்டவர் என்ற அளவுக்கு நம்பலாம். பொருள் பலன் தரும் என்பதற்கு அது உத்தரவாதம் கிடையாது. உள்நாட்டுப் பொருளென்றால் பேட்ச் வாரியாக ஆய்வகச் சான்று கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் வாங்காதீர்கள்.

எம்.எஸ்.எம். வெள்ளைப் பொடி, விலை மலிவு, குதிரைகளுக்கு நாளைக்கு 10 முதல் 20 கிராம் வரை கொடுக்கிறார்கள். போட்டிக் குதிரைகளில் உடற்பயிற்சியால் வரும் ஆக்சிஜனேற்றப் பாதிப்பு குறைந்ததாக ஆய்வு உண்டு, நொண்டல் குறைந்தது என்பதற்குக் கெட்டியான ஆதாரம் இல்லை. மூட்டு நீரில் இயல்பாகவே இருக்கும் ஹயலுரோனிக் அமிலத்தை வாய்வழி கொடுப்பது பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது, அது அறுவை முடிந்த ஒரு வயது தரோப்ரெட் குட்டிகளில் பின்னங்கால் மூட்டு வீக்கம் குறைந்ததைப் பற்றியது, உங்கள் குதிரையின் நிலை வேறு. அவகாடோ, சோயா எண்ணெயிலிருந்து எடுக்கும் ஏ.எஸ்.யு. என்ற பொருளை நான் கொஞ்சம் மதிக்கிறேன். 2007ல் முறையாக நடந்த ஒரு சோதனையில் அது நொண்டலைக் குறைக்கவில்லை, ஆனால் குருத்தெலும்பு அரிப்பைக் குறைத்தது. இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை என்பதுதான் கஷ்டம்.

என் முதல் ரூபாய் போகும் இடம் ஒமேகா 3. பச்சைப் புல் மேயும் குதிரைக்கு அது இயல்பாகவே கிடைக்கிறது. புல் காய்ந்தால் போய்விடுகிறது. தானியமும் தவிடும் ஒமேகா 6 நிறைந்தவை, அது கூடிப்போனால் அழற்சியின் பக்கம் சாயும். நீங்கள் ஊற்றும் தேங்காய் எண்ணெய் முடிக்குப் பளபளப்பும் உடம்புக்குச் சக்தியும் தரும், அதில் ஒமேகா 3 கிடையாது. ஆளிவிதை வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கிறது, ஒரு மாதத்துக்கு வாங்கினாலும் இறக்குமதி டப்பாவின் விலையில் சிறு பங்குதான். அன்றன்றைக்கு மிக்ஸியில் போட்டு அரைத்து, உலர்ந்த பொடியாகவே தீவனத்தில் கலந்து கொடுக்கலாம். நாளைக்கு 30 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் 150 கிராம் வரை போகலாம். அரைத்து வைத்தால் சீக்கிரம் காறிவிடும், மூக்கில் வைத்துப் பாருங்கள், பழைய பெயின்ட் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து அப்படியே கொடுப்பது வேண்டாம், விதையில் இருக்கும் பொருளிலிருந்து சயனைடு வெளிப்படும். ஊறவைத்தே ஆக வேண்டுமென்றால் நன்றாகக் கொதிக்க வையுங்கள். ஆளிவிதையில் இருக்கும் ஒமேகா 3 உடம்புக்குள் மாறித்தான் மீன் எண்ணெயில் இருக்கும் வடிவத்துக்கு வர வேண்டும், அந்த மாற்றம் குறைவாகவே நடக்கிறது. மீன் எண்ணெய் நேரடி வழி. ஆனால் வாடை பிடிக்காமல் பல குதிரைகள் தொட்டியை விட்டே நகர்ந்துவிடும், அதனால் சொட்டுச் சொட்டாகப் பழக்க வேண்டும். வலியுள்ள குதிரைகளில் ஒமேகா 3 கொடுத்து அழற்சிக் குறிகள் குறைந்ததைக் காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. அற்புதம் எதிர்பார்க்காதீர்கள், எட்டு வாரமாவது பொறுங்கள்.

வைட்டமின் இ பற்றி ஒரு வார்த்தை. இயற்கை என்று லேபிளில் எழுதியிருப்பதற்கு உண்மையிலேயே பொருள் இருக்கும் இடம் இது. இயற்கை வடிவ வைட்டமின் இ செயற்கை வடிவத்தைவிடக் குதிரையின் உடம்பில் நன்றாக ஏறுகிறது. பச்சைப் புல் மேயாத, வைக்கோல் மட்டுமே தின்னும் குதிரைக்குக் கிலோ எடைக்கு ஒன்று முதல் இரண்டு யூனிட் வரை தேவை. உங்கள் தோப்பில் பச்சைப் புல் இருப்பதால் இப்போதைக்கு வேண்டியிருக்காது.

அப்புறம் நம் வீட்டு மருந்துகள். மஞ்சளை எல்லோரும் கேட்கிறார்கள். மஞ்சள் தூளில் அதன் மருந்துச் சத்தான குர்குமின் நூற்றுக்கு மூன்று அளவுதான், அதுவும் குடலில் சரியாக ஏறாது. ஒரு மேசைக்கரண்டி போட்டால் குதிரையின் உடம்புக்குக் கடலில் கரைத்த பெருங்காயம்தான். கொடுப்பதென்றால் கிழங்காக வாங்கி அரைத்துக் கொடுங்கள், நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த தூள் தெற்காசியாவில் பிடிபட்டிருக்கிறது. சல்லகி என்று ஆயுர்வேதக் கடையில் விற்கும் பாஸ்வெல்லியா பிசினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் மனிதர்களில் ஓரளவு காட்டப்பட்டிருக்கிறது. குதிரைக்கு இவ்வளவு என்று நிலைத்த அளவு இல்லாததால் மருத்துவரைக் கேட்காமல் நான் கொடுப்பதில்லை. பூண்டு விஷயத்தில் உறுதியாகச் சொல்கிறேன், தினமும் உருண்டை உருண்டையாகப் பூண்டு கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தால் சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தச் சோகை வரும், குதிரைகளிலேயே செய்த ஆய்வில் தெரிந்த விஷயம் இது.

ஆபத்து என்று நான் உண்மையில் பயப்படுவது இரண்டு. ஒன்று மாட்டுக்கும் கோழிக்கும் உள்ள கலப்புத் தீவனமும் மருந்து கலந்த சேர்மானங்களும். அவற்றில் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து இருக்கும். மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும், கிலோ எடைக்கு இரண்டு மூன்று மில்லிகிராமே உயிரைக் குடிக்கும், மாற்று மருந்து கிடையாது. மினரல் மிக்சர் வாங்கும்போது, இது இல்லை என்று எழுத்தில் தெரிந்த பிறகே குதிரைத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். தோப்பில் மாடும் இருந்தால் கரண்டியையும் வாளியையும் கூட மாற்றி எடுக்காதபடி தனித்தனியாக வையுங்கள்.

இன்னொன்று செலினியம். இதுவும் மண்ணில் இயற்கையாகக் கிடைப்பதுதான். உங்கள் குதிரைக்கு நாளைக்கு ஒரு மில்லிகிராம் போதும். முடிக்கு ஒரு டப்பா, தசைக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று என்று அடுக்கும்போது மூன்றிலும் செலினியம் இருந்து தேவையைத் தாண்டிவிடும். அளவு மீறினால் குளம்பு பிளக்கும், பிடரி முடி உதிரும், இன்னும் மீறினால் உயிரே போகும். 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு போலோ அணியின் 21 குதிரைகள் போட்டி நாளன்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து விழுந்தன. சத்து ஊசியென்று கலந்து கொடுத்த மருந்தில் செலினியம் பல மடங்கு கூடிப்போயிருந்தது. எல்லா லேபிள்களையும் ஒரே தாளில் எழுதி, ஒரே பொருள் எத்தனை டப்பாவில் வருகிறது என்று கூட்டிப் பாருங்கள்.

போட்டிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் மட்டும் இந்தப் பத்தி. ஆப்பிரிக்காவின் தென்பகுதிப் பாலைவனத்தில் விளையும் டெவில்ஸ் கிளா என்ற கிழங்கு உண்மையிலேயே வலி குறைக்கக்கூடியது, அதனாலேயே அதன் சத்தான ஹார்பகோசைடு சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ.யின் தடைப் பட்டியலில் இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நான்கு குதிரைகளில் கேப்சைசின் பிடிபட்டது, நம் சமையலறை மிளகாயின் காரச்சத்துதான் அது. நார்வே அணி வெண்கலப் பதக்கத்தை இழந்தது. வயிற்றுப்புண் உள்ள குதிரைக்கும் சினைக் குதிரைக்கும் டெவில்ஸ் கிளா கொடுக்கவே வேண்டாம்.

எதைக் கொடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே தொடங்குங்கள். நான் சொன்ன வீடியோவைத் தொடங்கும் முன் எடுத்து வையுங்கள், அதே தரையில், அதே நேரத்தில், அதே ஆள் பிடித்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுங்கள். காலையில் விறைப்பு விடுவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று காலண்டரில் எழுதுங்கள். காசு கொடுத்து வாங்கியவருக்குக் குதிரை நன்றாக நடப்பதாகவே தோன்றும், எனக்கும் இரண்டு வருடம் அப்படித்தான் தோன்றியது. 12 வாரம் கழித்து நிறுத்துங்கள். ஒரு மாதத்தில் விறைப்பு நேரம் கூடினால் அது வேலை செய்திருக்கிறது, கூடாவிட்டால் அந்தப் பணத்தை லாடத்துக்கும் குதிரைமசாலுக்கும் போடுங்கள். இதற்கிடையில் இரவும் பகலும் லாயத்தில் அடைக்காமல் தோப்பில் விடுங்கள். நடக்கும் மூட்டில்தான் மூட்டு நீர் ஓடும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கை வைத்தால் சுலபமாகப் படும் அளவுக்கு எடையை வையுங்கள். ஏறிச் செல்லும் முன் கால் மணி நேரம் வெறும் நடை.

உங்கள் இரண்டு டப்பாக்களுக்கு என் பதில். முதலாவது, குளுக்கோசமைன் டப்பா: அளவு போதாது, அதோடு மூலிகைக் கலவை 5,000 மில்லிகிராம் என்று மொத்தமாகப் போட்டு, அதற்குள் டெவில்ஸ் கிளா எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவில்லை. வேண்டாம். இரண்டாவது, நூறு சதவீதம் மூலிகை என்ற டப்பா: மஞ்சள், சல்லகி, வெந்தயம், பூண்டு, செலினியம் என்று பெயர்கள் மட்டும் இருக்கின்றன, ஒன்றுக்கும் அளவு எழுதவில்லை. செலினியத்தைச் சேர்த்துவிட்டு அளவைச் சொல்லாத டப்பாவை என் லாயத்துக்குள் விடமாட்டேன். இந்த மாதம் மருத்துவரைக் கூப்பிடுங்கள், தவிட்டைக் குறையுங்கள், குதிரைமசால் விதை வாங்குங்கள். ஆளிவிதையைத் தீவனம் நிலைத்த பிறகு, ஒரு மாதம் கழித்துத் தொடங்கலாம், அப்போதுதான் எது எதனால் சரியானது என்று தெரியும். தாடையைத் தடவிப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், முட்டியை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள்.